திருப்பூர்க் கழுத்து, நாமக்கல் இடுப்பு: எந்த நோவுக்கு எந்தக் கை?

நீவுவது, பிடிப்பது, தேய்ப்பது, அமுக்குவது, தட்டுவது, உருவுவது. நம் பேச்சில் இந்த ஆறும் ஆறு வேலை. "காலைக் கொஞ்சம் நீவி உடு கண்ணு" என்று ஆத்தா கேட்டால் அமுக்கச் சொல்லவில்லை. "தோளைப் புடிச்சு உடு" என்றால் எண்ணெய் தடவச் சொல்லவில்லை. மசாஜ் என்ற ஒற்றைச் சொல் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதிலிருந்து எந்த நோவானாலும் பலம் கொண்டமட்டும் அழுத்தினால் சரியாகும் என்ற எண்ணமும் வந்துவிட்டது. சதைக்குக் கேடு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். நோவு எந்த மாதிரி என்று பார்த்துக் கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தம் கடைசியில் வருகிற சேதி.

சித்த மருத்துவம் இந்த வேலைக்குத் தொக்கணம் என்று பெயர் வைத்து 9 வகையாகப் பிரிக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஸ்பாக்களில் சுவீடிஷ் மசாஜ் என்று விற்பதில் 5 அசைவுகள்: நீவல், பிசைதல், விரல் நுனியால் தேய்த்தல், தட்டல், அதிர்த்தல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கொடுத்து வகைப்படுத்தியவர் 19ஆம் நூற்றாண்டின் டச்சு மருத்துவர் யோஹான் மெஸ்கர். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் தட்டல் இரண்டிலும் இருக்கிறது; பிடித்தல் பிசைதலுக்கும் அசைத்தல் அதிர்த்தலுக்கும் நெருக்கம். இந்த அசைவுகளைக் கை பழகிவிட்டால் எந்த ஊர் முறையையும் விளங்கிக்கொள்ளலாம்.

கை வைக்கக் கூடாத உடம்பு

எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ இழுக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றால் "வாய்வு புடிச்சிருக்குது, தேய்ச்சு உடு" என்று தைலத்தைத் தேடாதீர்கள். உடனே 108க்கு அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமல், வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகக்கூட வரும். தேய்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் உள்ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நெடுந்தூரம் உட்கார்ந்தபடி பயணம் செய்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்கள், அண்மையில் பிள்ளை பெற்ற பெண்கள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். அந்தக் காலை நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் தொடக் கூடாது.

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ அது நரம்பு நசுங்குவதன் அறிகுறி. அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

காய்ச்சல், புண், படை, அக்கி, எலும்பு முறிவு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கர்ப்பத்தின் முதல் 3 மாதம் ஆகியவற்றில் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தாலும் அப்படியே.

இடமும் எண்ணெயும்

கட்டில் மெத்தை தோதாகாது. அமுக்கும் பலத்தை மெத்தையே வாங்கிக்கொள்ளும். தரையில் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, மேலே பழைய வேட்டி ஒன்றைப் போட்டால் போதும். எண்ணெய் வேட்டியோடு நின்றுவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் வீடு புகுந்து அடிக்கும். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். உடம்பு குளிர்ந்தால் சதை தானாக இறுகும். இறுகிய சதையை இளக்கப் பாடுபடுவது வீண்.

கை தேய்ந்து வழுக்கும் அளவுக்கு எண்ணெய் இருந்தால் போதும். முழு உடம்புக்கு 60 முதல் 80 மில்லி, தலைக்கு 15 மில்லி, கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் என்றால் 2 தேக்கரண்டி. அதிகம் ஊற்றினால் பிடி நிற்காமல் வழுக்கும். பிடிப்பவர் அதை ஈடுகட்ட விரலை அழுத்துவார், வாங்குபவருக்கு வலிக்கும். குறைவாக ஊற்றினால் மயிர்க்கால் இழுபட்டுக் கொப்புளம் வரும். ரோமம் அதிகமுள்ள நெஞ்சு, கால் பகுதிக்குக் கொஞ்சம் தாராளமாக ஊற்றலாம்.

வெயில் காலத்துக்குத் தேங்காயெண்ணெய், மார்கழி, தை மாதங்களுக்கு நல்லெண்ணெய். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு போராட வேண்டாம். விளக்கெண்ணெய் தனியாக ஒட்டும். 4 பங்கு நல்லெண்ணெய்க்கு 1 பங்கு விளக்கெண்ணெய் கலந்தால் பிசைவதற்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். எண்ணெயை அடுப்பில் நேரே வைக்காதீர்கள். கொதித்த தண்ணீர் ஊற்றிய சட்டிக்குள் கிண்ணத்தை 5 நிமிடம் இறக்கி வைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு மட்டும் தெரிய வேண்டும். கற்பூராதி போன்ற கற்பூரம் சேர்ந்த தைலங்களைக் குழந்தைகள் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

சாப்பிட்டு 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்றியாக வேண்டும்.

கழுத்து: தையல் மெஷினில் குனிந்தவர்களுக்கு

திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எந்தத் தையல் மெஷினில் உட்கார்ந்தாலும் தலை முன்னால் சாய்ந்து, தோள் காதுப்பக்கம் ஏறி, அப்படியே ஒரு ஷிப்ட் போகும். பின்னந்தலையிலிருந்து தோள்முனை வரை போகிற அகலமான தசை முழு நேரமும் தலையைத் தாங்கி நிற்கிறது. வேலை முடிந்ததும் தொட்டுப் பார்த்தால் கயிறு மாதிரி இருக்கும். அந்தக் கயிற்றில் புளியங்கொட்டை அளவுக்கு முடிச்சு தட்டுப்படும்.

வலியெடுப்பவரை நாற்காலியில் திருப்பி உட்காரவையுங்கள். நாற்காலியின் சாய்வை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, அதன்மேல் தலையணை போட்டு, கைகளை மடக்கி நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலையின் எடை தலையணைக்குப் போனால்தான் தசை வேலையை விடும். தலை அந்தரத்தில் நிற்கும்போது பிடித்தால் இறுகிக்கொண்டே இருக்கும் சதையைப் பிசைவதாக முடியும்.

முதலில் நீவல். இரண்டு உள்ளங்கையும் முழுக்கப் படிய, முடி முடியும் இடத்திலிருந்து கழுத்துப் பின்புறம் இறங்கி தோள்முனையில் விலக வேண்டும். ஒரு நீவலுக்கு 4 அல்லது 5 விநாடி. 10 தடவை. இந்தப் பத்தில் உங்கள் கை எங்கே சூடு, எங்கே இறுக்கம், எங்கே வாங்குபவர் மூச்சைப் பிடிக்கிறார் என்பதையெல்லாம் படித்துவிட வேண்டும். இதை அவசரமாக முடிப்பவர்கள் பிறகு தவறான இடத்தில் அமுக்குவார்கள்.

அடுத்தது பிடித்தல். தோள்மேட்டுச் சதையைக் கட்டைவிரல் பின்னாலும் நான்கு விரல் முன்னாலுமாகச் சப்பாத்தி மாவைப் பிடிப்பது போல் எடுத்து, லேசாக மேலே தூக்கி 3 விநாடி நிறுத்தி விடுங்கள். தோள்முனையில் தொடங்கிக் கழுத்தடி வரை 3 சுற்று. விரல் நுனியால் கிள்ளக் கூடாது, விரலின் வயிற்றுப் பாகம் படிய வேண்டும். காரை எலும்புக்கு மேலே இருக்கும் குழியிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் விரல் போகவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயும் கைக்குப் போகும் நரம்புக் கட்டும் அங்கே மேலாக ஓடுகின்றன.

முடிச்சுக்கு அமுக்கல். கட்டைவிரலை அதன்மேல் வைத்து மெல்ல எடையை ஏற்றுங்கள். "பத்துக்கு எத்தனை நோவுதுங்க?" என்று கேளுங்கள். 5 அல்லது 6 என்றால் அங்கேயே நிறுத்தி 30 விநாடி அசையாமல் இருங்கள். நோவு 3க்கு இறங்கும். இறங்காவிட்டால் அழுத்தம் அதிகம் என்று பொருள், இன்னும் அழுத்த வேண்டும் என்று பொருள் அல்ல. தலையின் பக்கவாட்டில் வலி பரவினால் பயப்பட வேண்டாம், அந்தத் தசைக்கு அது இயல்பு. விரல்களில் ஊசி குத்துவது போலவோ கரண்ட் மாதிரியோ போனால் கையை எடுங்கள். ஒரு முடிச்சுக்கு 1 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு தோளுக்கு 3 முடிச்சுக்கு மேல் தேட வேண்டாம். முடிச்சு "உடைந்துவிட்டது" என்பார்கள். உண்மையில் எதுவும் உடைவதில்லை. நிலையான மெல்லிய அழுத்தத்தில் நரம்பு இறுக்கச் செய்தியை அனுப்புவதைத் தளர்த்துகிறது. அதனால்தான் பொறுமைக்குக் கிடைக்கும் பலன் முரட்டுத்தனத்துக்குக் கிடைப்பதில்லை.

கடைசியாக ஒன்று. மல்லாந்து படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, இரு கை விரல் நுனிகளையும் மண்டையோட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரிசையாக நிறுத்துங்கள். தலை அந்த விரல்கள்மேல் தானாக அமரட்டும். தேய்க்கவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். 2 நிமிடத்தில் தலை கனத்து இறங்குவது உங்கள் விரலுக்கே தெரியும். கம்ப்யூட்டர் பார்த்துத் தலைவலி என்பவர்களுக்கும் இது ஒன்றே போதுமாக இருக்கும். மொத்தம் 15 நிமிடம்.

சொடக்கு மட்டும் வேண்டாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்துப் படக்கென்று கழுத்தைத் திருப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. கழுத்தெலும்பின் துவாரங்கள் வழியே மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயின் உள்சுவர் அந்தத் திருப்பலில் கிழியலாம். அதனால் இளவயதுக்காரர்களுக்கும் பக்கவாதம் வந்திருக்கிறது. கை நீளும்போதே "கழுத்து வேண்டாங்க" என்று சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் மெஷின் மேசை உயரம் மாறாவிட்டால் இரண்டு மூன்று நாளில் கயிறு திரும்பிவிடும். உட்காரும் ஸ்டூலைச் சரிசெய்து முழங்கை மேசை மட்டத்துக்கு வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தோளைப் பின்னால் 5 சுற்று சுற்றுங்கள்.

இடுப்பு: லாரி சீட்டும் ரிக்கும்

நாமக்கல் லாரி ஓட்டுநருக்கும் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் குழாய் தூக்குபவருக்கும் நோவு ஒரே இடத்தில், காரணம் வேறு. ஓட்டுநருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து புட்டச்சதை இறுகி இடுப்பை இழுக்கிறது. தூக்குபவருக்கு முதுகுத்தண்டின் இருபுறத் தசை களைத்திருக்கிறது. முன்னவருக்குப் புட்டத்தில் வேலை அதிகம், பின்னவருக்கு இடுப்பில்.

குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை. தலையணை இல்லாவிட்டால் இடுப்பு உள்வாங்கி எலும்பு மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும். நீங்கள் பக்கத்தில் மண்டியிட்டு, கையை நேராக வைத்து, உங்கள் உடம்பை முன்னால் சாய்த்து எடையை இறக்குங்கள். கைப்பலத்தால் அமுக்கினால் 10 நிமிடத்தில் உங்கள் கட்டைவிரல் மூட்டு வீங்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் பெருவிரல் வலியால்தான் தொழிலை விடுகிறார்கள்.

தண்டெலும்பிலிருந்து இரண்டு விரற்கடை விலகி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இடுப்பிலிருந்து விலாவின் கீழ் வரை மெல்ல ஊர்ந்து ஏறுங்கள். ஒரு இடத்தில் 5 விநாடி. எலும்பின்மேல் நேரே அமுக்கக் கூடாது. கடைசி விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் இடத்தில் தட்டலும் குத்தலும் கூடாது. புட்டத்துக்கு மூடிய முட்டியை அல்லது முன்னங்கையைப் பயன்படுத்தலாம். அங்கே சதை கனம், விரல் இறங்காது. பின்தொடை வழியாகக் கரண்ட் மாதிரி இறங்கினால் நரம்பின்மேல் இருக்கிறீர்கள், 2 விரற்கடை வெளிப்பக்கம் நகருங்கள்.

பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து உட்காரும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும். ஒரு பக்கம் மேடாகி இடுப்பு கோணலாக உட்கார்வதால் வரும் நோவு, எத்தனை தைலம் தேய்த்தாலும் மறுநாள் அதே சீட்டில் திரும்பி வரும்.

சின்னப் பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது கிராமத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. நடுத்தர வயது உடம்பு தாங்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, எலும்பு தேய்ந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கி அமுங்கிவிடும். அந்த வயதுக்கு மிதிப்பது வேண்டாம்.

கெண்டைக்கால், முன்னங்கை

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நின்றுகொண்டே வேலை. கால் கனத்துப்போகும். மல்லாத்தி, குதிகாலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள். நீவல் எப்போதும் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி. தேங்கிய நீரும் ரத்தமும் மேலே போக வேண்டிய வழி அது. எண்ணெயோடு மேலிருந்து கீழே அழுத்தி இழுப்பது ரத்தக்குழாய்களின் வால்வுக்கு எதிராகத் தள்ளுவதாகும். முட்டிப் பின்குழியில் அமுக்க வேண்டாம். புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாய்கள்மேல் மெல்லத் தடவலாம், பிடிக்கக் கூடாது.

இரவில் கொறக்களி (கெண்டைக்கால் சதைப்பிடிப்பு) பிடித்தால் முதலில் காலை நீட்டுங்கள். முட்டியை நீட்டி, பாத விரல்களைத் தன்பக்கம் இழுத்து 30 விநாடி நிறுத்துங்கள். விட்டதும் நீவலாம்.

தென்னை ஏறுபவர்கள், கையால் பால் கறப்பவர்கள், கத்தரி பிடித்து நூல் வெட்டுபவர்களுக்கு முழங்கைக்குக் கீழே வெளிப்புறம் நோவு இருக்கும். மறுகைக் கட்டைவிரலால் முழங்கையிலிருந்து 3 விரற்கடை கீழே குறுக்காக, சதை இழைக்கு நேர்க்கோணத்தில் 1 நிமிடம் தேய்க்கலாம். எண்ணெய் வேண்டாம், வழுக்கும். பிறகு கையை நீட்டி மணிக்கட்டைக் கீழே மடக்கி 20 விநாடி இழுக்க வேண்டும்.

சுளுக்கு

இதில்தான் நம் ஊரில் அதிகத் தவறு நடக்கிறது. கணுக்கால் மடங்கிய அன்றே "வழிச்சு உட்டாச் சரியாப் போயிரும்" என்று இழுத்து உருவுவார்கள். அப்போது உள்ளே தசைநார் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். உருவினால் கசிவு கூடும், வீக்கம் இரட்டிக்கும். முதல் 2, 3 நாள் சூடும் தைலமும் எதுவும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. பட்டை கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். 4 அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் மொட்டு எலும்பின்மேல் அழுத்தினால் துள்ளுகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீக்கம் வடியத் தொடங்கிய பிறகு, பாதத்திலிருந்து மேல்நோக்கி வெறும் நீவல் 5 நிமிடம். இழுத்துச் சொடக்கெடுப்பது எந்த நாளிலும் கிடையாது.

ஒத்தடமும் இலைக்கிழியும்

பழைய பிடிப்புக்குக் கையை விடச் சூடு நல்லது. எளிய வழி கொள்ளு. கால் கிலோ கொள்ளைத் தடித்த பருத்தித் துணியில் மூட்டை கட்டினால் சூடு நெடுநேரம் நிற்கும், உப்பைப் போல ஈரம் இழுக்காது. கொள்ளை வெறும் வாணலியில் 5 நிமிடம் வறுத்துக் கட்டி, புறங்கையில் வைத்து 3 விநாடி தாங்குகிறதா என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குப் பாதத்தில் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி விரலை எடுக்கும் நிலைக்குக்கூடப் போகும்.

இலைக்கிழி, அதாவது வதக்கிய இலையைத் துணி மூட்டையாகக் கட்டிச் சூடாக ஒற்றுவது, ஆயுர்வேத முறை. கோவைக்கும் கேரளத்துக்கும் நடுவே கணவாய் ஒன்றுதான் என்பதால் பிழிச்சில் (வெதுவெதுப்பான எண்ணெயை உடம்பில் ஊற்றித் தேய்ப்பது), சிரோதாரா (நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடுவது), ஞவரக்கிழி (ஞவரை அரிசி மூட்டையால் ஒற்றுவது) எல்லாமே இங்கே வேரூன்றியவை. கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசி 1943இல் தொடங்கியது. பிழிச்சிலும் ஞவரக்கிழியும் வீட்டில் செய்யும் காரியம் அல்ல. இலைக்கிழி முடியும்.

நொச்சி, ஆமணக்கு, முருங்கை, புளி, வாதநாராயணன் இலைகள் சேர்த்து அரை கிலோ, அரை மூடித் தேங்காய்த் துருவல், வட்டமாக அரிந்த 2 எலுமிச்சை, 2 கரண்டி கல்லுப்பு, 50 மில்லி நல்லெண்ணெய். இலையைக் கழுவி நிழலில் உலர்த்தி நறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் கிழிக்குள் ஆவி தங்கித் தோலைச் சுடும். எருக்கிலை சேர்ப்பதும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் விழி கெடும் என்பதால் வீட்டில் அதை விட்டுவிடலாம். எண்ணெயில் எலுமிச்சையும் தேங்காயும் பொன்னிறமாகும் வரை வதக்கி, இலையைப் போட்டு 10 நிமிடம் புரட்டுங்கள். வாசனை பச்சையிலிருந்து வறுவலுக்கு மாற வேண்டும். முழம் நீளச் சதுரத் துணியில் இரண்டு மூட்டை கட்டி, மேல் துணியை முறுக்கிப் பிடியாக்கிக் கயிறு சுற்றுங்கள்.

இரும்புத் தோசைக்கல்லில் 1 கரண்டி எண்ணெய் விட்டு மூட்டையின் அடியைச் சூடேற்றி, புறங்கையில் பார்த்து, முதலில் ஒற்றி ஒற்றி எடுங்கள். சூடு குறையக் குறையத் தேய்ப்பாக மாற்றுங்கள். ஒன்று ஆறும்போது மற்றது கல்லில் இருக்கும். 2, 3 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மொத்தம் 20 நிமிடம். முடிந்ததும் துடைத்து, மின்விசிறி போடாமல் அரை மணி படுக்க வேண்டும். வீக்கமும் சிவப்பும் உள்ள மூட்டுக்கு இது ஆகாது. தேங்காய் புளித்துவிடும் என்பதால் மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

வெளியூர் முறைகள்

தாய்லாந்து முறையில் எண்ணெய் கிடையாது. தளர்ந்த உடையோடு தரையில் படுக்கவைத்து, அமுக்கி, கைகாலை மடக்கி இழுப்பார்கள். யுனெஸ்கோ 2019இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உடம்பு விறைத்துக் கிடப்பவர்களுக்கு நல்லது, முட்டி மாற்று அறுவை செய்தவர்களுக்கும் முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) நழுவியவர்களுக்கும் ஆகாது. ஜப்பானிய ஷியாட்சுவும் எண்ணெயில்லாத, பெருவிரல் அமுக்கல்.

டீப் டிஷ்யூ என்பது மேல்சதை இளகிய பிறகு கீழ்ச்சதைக்கு மெல்ல இறங்குவது. வேகமாகச் செய்தால் அது டீப் டிஷ்யூ அல்ல, அடி. மறுநாள் லேசாக வலிப்பது இயல்பு. நீலம் பாரிப்பது இயல்பல்ல. சிறுநீர் கருத்துப் போனால் சதை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாத ரிஃப்ளெக்ஸாலஜி காலுக்குச் சுகம், தூக்கம் வரும். உள்ளங்காலில் இந்தப் புள்ளி கல்லீரல், அந்தப் புள்ளி கணையம் என்று நோயைக் கண்டுபிடிப்பதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். வர்மம் குருவிடம் பழகியவர் கையில் மட்டும். படம் பார்த்துப் புள்ளியைக் குத்திப் பார்க்கும் விஷயம் அல்ல.

காசு கொடுத்துப் போகும் இடத்தில் படுக்கவைப்பதற்கு முன் பிரஷர், சுகர், அறுவை, மாத்திரை பற்றிக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் இருக்கிறார்கள். அங்கே கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

பச்சைக் குழந்தை

காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு நடுவே குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் ஆத்தாக்களின் கை மெத்தானது. அந்த மெத்துதான் வேண்டும், சில பழக்கங்கள் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரும். மூக்கை இழுத்து நீட்டுவது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, தலைகீழாகத் தூக்கி ஆட்டுவது எதுவும் வேண்டாம். பிதுக்கினால் சீழ் கட்டும். தொப்புள் கொடி விழும் வரை அந்த இடத்தில் எண்ணெய் படக் கூடாது. தேங்காயெண்ணெய் 2 தேக்கரண்டி, பால் குடித்து முக்கால் மணி கழித்து, 10 நிமிடம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

எண்ணெய் போக்குதல்

பெரியவர்களுக்கு எண்ணெய் 20, 30 நிமிடம் ஊறினால் போதும். சோப்பு வேண்டாம், அரப்பு போடுங்கள். அரப்பு என்பது உசிலை இலைப் பொடி; அது எண்ணெயை எடுக்கும், தோலை வறட்டாது. உடம்புக்கு 3 மேசைக்கரண்டி, தலைக்கு 2. பொடிமேல் வெதுவெதுப்பான வடிகஞ்சியை ஊற்றிக் குழைக்க வேண்டும். கஞ்சியில் பொடியைக் கொட்டினால் தூள் கிளம்பித் தும்மல் நிற்காது. தலையைப் பின்னால் சாய்த்துத் தேயுங்கள், கண்ணில் பட்டால் எரியும். முன்கூட்டியே குளியலறைத் தரையில் ஒரு கைப்பிடி அரப்பைத் தூவித் தேய்த்துக் கழுவி வையுங்கள், வயதானவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். இளகிய கால், எண்ணெய்ப் பாதம், வழுக்குத் தரை மூன்றும் சேரும் அந்தப் 10 நிமிடத்தில் பெரியவர்களைத் தனியே விடாதீர்கள். இடுப்பெலும்பு முறிவது அப்போதுதான்.